ஆட்டுக்குட்டியைத் தூக்குறது நரியா, நாயா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நெல்லிக்குப்பம், கரும்பு:
ஆலை வெட்டு ஆரம்பிச்சா எங்க பக்கம் நரிக்கு ஒண்ட இடம் கிடையாது. கரும்பு நிக்கிற வரைக்கும் பகல்ல அதுக்குள்ளயே படுத்துக்கிடக்கும். எலி, நண்டு, தின்ன கரும்பு, எல்லாம் அங்கயே. வெட்டி முடிஞ்சதும் ஓடைக்கரை முள்ளுல ஒதுங்கி, இருட்டினதும் கொட்டாய்ப் பக்கம் வரும்.

போன தை மாசம் எங்க கொட்டாய்ல ஒரு குட்டியைக் காணோம். தாய் ஆடு மட்டும் கத்திக்கிட்டு நிக்குது, மத்த குட்டிங்க மேல ஒரு கீறல் இல்ல. காலையில வரப்புச் சேத்துல தடம் பாத்தேன். நாய் அங்க இங்க மோந்து அலைஞ்சுதான் போகும். இது நூல் பிடிச்ச மாதிரி ஒரே நேர்ல போயிருந்துச்சு. கொஞ்ச தூரத்துல காஞ்ச கரும்புச் சோகைக்குள்ள முடி கிடந்துது. நரிதான்.

பக்கத்துக் கொல்லைக்காரர், பன்றிக்கு வைக்கிற வெடியைக் கோழிக்குடல்ல சுத்தி வெச்சுடலாம்னார். வேணாம்னுட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல நரியும் வருது, கேஸ் ஆகும். அதை விடுங்க, மேயப்போற மாடு அதுல வாய் வெச்சா தாடையே போயிடும். பயிருக்குப் போடுற குருணை பூச்சிமருந்தை வைக்கிறதும் இதே கதை: நாய் சாகும், மயில் சாகும்.

கொட்டாய்க்குச் சுத்தி வெல்டு மெஷ் கம்பி வலை அடிச்சேன். அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கி, வெளிப்பக்கமா மடிச்சுப் புதைச்சேன். நரி தாண்டுறதை விட மண்ணைப் பறிக்கிறதுதான் அதிகம். செத்த கோழியைக் கொல்லையில வீசுற பழக்கத்தையும் வீட்டுல நிறுத்தியாச்சு.

பண்ருட்டி, முந்திரி:
அண்ணே, உங்களுது நரிதான். ஆனா இங்க எல்லாரும் நாய் செஞ்சதை நரி தலையில கட்டுறாங்க. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் அடிச்சு முந்திரியும் பலாவும் சாஞ்சதுக்கு அப்புறம் எங்க தோப்புல நரி ஊளை கேக்குறதே அபூர்வம். ஆடு மட்டும் சாவுது! போய்ப் பாத்தா நாலஞ்சு ஆடு தொடை கிழிஞ்சு, காது பிஞ்சு கிடக்கும், ஒண்ணைக்கூட முழுசாத் தின்னிருக்காது. கூட்டமா வந்து துரத்திக் கடிக்கிறது நாய் வேலை. நரி தூக்கிட்டுப் போற அளவுக்குக் குட்டியா இருக்கணும்.

தெருநாய் கடிச்சுச் செத்த கால்நடைக்கு இழப்பீடு தர்றதா 2025-ல அரசு சொல்லியிருக்கு. அதனால பொணத்தைப் புதைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, கால்நடை டாக்டரைக் கூட்டியாந்து காட்டுங்க.

பாகூர்:
அது தமிழ்நாட்டுக்குங்க. நாங்க ஆத்துக்கு இந்தப் பக்கம், புதுச்சேரி 😄

எனக்குக் கோழிதான் பிரச்சினை. பகல்ல போனா கீரி, ராத்திரி கூரை ஓட்டை வழியா வந்தா மரநாய். பஞ்சாரத்துமேல கல்லு வெச்சும் கீரி அடியில பறிச்சு உள்ள வந்துடுது. கடைசியில தரைக்குச் செங்கல் பரப்பி, ஓட்டுக்குக் கீழ கம்பி வலை கட்டினப்புறம்தான் நிம்மதி. குஞ்சைப் பருந்து கொத்தாம இருக்க பழைய மீன் வலையைக் குறுக்க கட்டிவிட்டிருக்கேன், கடற்கரை ஊர்ல அதுக்கா பஞ்சம்.

நரியை நான் ஒண்ணும் பண்றதில்ல. வயல்ல எலி வெட்டுற வெட்டுக்கு அது இருந்தாத்தான் நல்லது. இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம போனாச் சரி.

காட்டுமன்னார்கோயில்:
அறுப்பு முடிஞ்சு எங்க வயல்ல கிடை போட ராமநாதபுரத்துல இருந்து கீதாரிங்க, அதான் ஊர் ஊரா ஆடு மேய்ச்சுப் போறவங்க, வருவாங்க. குட்டிங்களைக் குடாப்புங்கிற கூண்டுக்குள்ள அடைச்சுட்டு, ரெண்டு பேர் மாத்தி மாத்தி முழிச்சிருப்பாங்க. வெட்டவெளியில அத்தனை ஆடு, கம்பி வேலி கிடையாது. அவங்க சொன்னது ஒண்ணு: விடிகாலையில எல்லாரும் அசந்திருக்கிற நேரத்துலதான் நரி வரும், அந்த நேரத்துக்கு ஒருத்தர் எழுந்து நடமாடினாலே போதும்.

இன்னொண்ணு. பட்டப்பகல்ல பயமில்லாம ஆள் மேல பாயுற நரி கிட்ட போகாதீங்க, வெறி பிடிச்சதா இருக்கலாம். கடிபட்டா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே ஊசிக்குப் போயிடணும். மஞ்சப்பத்து எல்லாம் போட்டுக்கிட்டு உக்காரக்கூடாது.

நெல்லிக்குப்பம், கரும்பு:
பாகூர் அண்ணே, மீன் வலை யோசனை நல்லா இருக்கு, செஞ்சுபாக்குறேன். சோலார் விளக்கு யாராவது போட்டீங்களா? எங்க ஊர்ல ஒருத்தர் கொட்டாய் வாசல்ல மினுக்குற விளக்கு மாட்டினாரு. கொஞ்ச நாள் நரி எட்டிப் பாக்கல. அப்புறம் அந்த வெளிச்சத்துலயே நின்னு நிதானமா கோழியைத் தின்னுட்டுப் போயிருக்கு.