பனி உருகி ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று கணிக்கும் கணினி மாதிரி ஓட்டியவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நாலாக்கரை:
இமாச்சலின் சந்திரா ஆற்றுப் படுகையில் எஸ்ஆர்எம் (பனி உருகுநீர் மாதிரி) ஓட்டியவர்களுக்கு கிராம்பூ-காஸா மலைச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூலை மாதம், சத்ரு தாண்டி பாத்தல் போகும் வழியில் ஒரு நாலா (மலையோடை), முந்தின நாள் காலையில் கணுக்கால் அளவுதான். ஜீப் ஓட்டுகிற பெரியவர் விடியும் முன்பே கதவைத் தட்டினார். ராத்திரி முழுக்க மேகம் மூடியிருந்தது, மேலே பனி இறுகியிருக்காது, தண்ணீர் சீக்கிரம் வந்துவிடும், கிளம்புங்கள் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது, அடியில் பாறைகள் உருண்டு மோதும் அதிர்வு காலில் தெரிந்தது. தெளிந்த இரவென்றால் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும், காலையில் அந்தக் குளிர் தீர்ந்த பிறகுதான் உருகவே தொடங்கும். அன்றைய சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்து, ஒரு டிகிரிக்கு இவ்வளவு பனி உருகும் என்று போடும் டிகிரி-டே கணக்கு இதை எங்கே பிடிக்கும்?

பியாஸ்காரன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலாவைக் கடக்கிறவருக்கு மணிக்கணக்கு வேண்டும், சரி. அணைக்கு எதற்கு? பக்ரா அணைக்கு வரும் சட்லெஜ் நீரில் சுமார் 59 சதவீதம் பனியும் பனியாறும் உருகி வருவது என்பது 2002இல் வந்த ஆய்வுக் கணக்கு. அவ்வளவு தூரம் ஓடி வருவதற்குள் பிற்பகல் நீர் ஏற்றமெல்லாம் தட்டையாகிவிடும். என் சிக்கல் வேறு, பனி மூடிய பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதில் உள்ள நீரைச் சொல்வது. மணாலிக்கு மேலே துண்டி பக்கம் ஏப்ரலில் குழாய் இறக்கி எடுத்த பனியைத் தராசில் மாட்டியபோது கூட இருந்தவர் இரண்டு முறை சரிபார்த்தார், அவ்வளவு கனம். புதுப் பனி ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் நீர்தான் தரும், வசந்தகாலத்துப் பனி 40க்கு மேல். பனிப் பரப்பைப் படமெடுக்கும் மோடிஸ் செயற்கைக்கோள் கருவிக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

தூசிப்படலம்:
எனக்கு மார்ச் மாதத் தூசிதான். ஒரே சரிவு, ஒரே வெயில், ஆனால் தூசி படிந்த பழுப்புத் திட்டு மட்டும் முழங்கால் ஆழம் இறங்கிக் கிடந்தது, பக்கத்தில் வெள்ளைப் பனி அப்படியே. இதுவே சில சென்டிமீட்டர் தடிமனுக்குக் கற்குவியலாக மூடியிருந்தால் தலைகீழ், அடியிலிருக்கும் பனி உருகாமல் காக்கப்படும்.

லாப்ஸ்ரேட்:
எனக்குப் பெரிய கதை கிடையாது. பள்ளத்தாக்கு அடியில் இருந்த நிலையத்திலிருந்து ஜனவரிக் காலையில் மேலே ஏறினோம், ஏற ஏற ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 0.65 டிகிரி குறையும் என்று எல்லாரும் போடுகிறார்களே, அன்று மேலேதான் சூடு. அதனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த எண்ணை வருடம் முழுக்க வைக்காதீர்கள், மாதவாரியாக எடுங்கள். மார்ட்டினெக் 1975இல் எஸ்ஆர்எம் முறையைக் கொண்டுவந்தது ஐரோப்பாவின் சிறிய படுகைகளுக்கு, நம் படுகையில் ஒரே மலைமுகட்டிலிருந்து அடிவாரம் வரை நாலாயிரம் மீட்டர் வித்தியாசம் இருக்கும், 500 மீட்டர் உயர மண்டலங்களாகப் பிரிக்காமல் தொடவே கூடாது. டிகிரி-டே காரணியையும் பனி முதிர முதிர உயர்த்துங்கள். அப்புறம் மோடிஸ் எட்டு நாள் தொகுப்பு, அதில் ஒரே ஒரு நாள் பனி தெரிந்தாலும் அந்த எட்டு நாளுக்கும் பனி என்றே வரும், மெல்லிய பனிப்பொழிவு மறுநாளே கரைந்திருந்தாலும். தினசரிப் படங்களில் மோடிஸ் இருக்கும் இரண்டு செயற்கைக்கோள்களில் காலையில் கடக்கும் டெர்ராவையும் பிற்பகலில் கடக்கும் அக்வாவையும் சேர்த்தால் மேகம் ஓரளவு குறையும். ஆற்று ஓட்டம் பொருந்திவிட்டது என்று நிறுத்திவிடாமல் பனிப் பரப்பும் பொருந்துகிறதா பாருங்கள், ஓடுநீர்க் கெழுவை (உருகியதில் எவ்வளவு பங்கு ஆற்றுக்கு வரும் என்ற எண்ணை) இழுத்து எதையும் பொருத்திவிடலாம்.

நாலாக்கரை:
லாப்ஸ்ரேட், இதெல்லாம் செய்தாயிற்று. பியாஸ்காரன், அணைக்கு வாரக் கணக்கு போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலாவை ஒட்டி மேய்ச்சலுக்குக் கூடாரம் போடுகிறவர்களும் அதே படுகையில்தான் இருக்கிறார்கள். தெளிந்த இரவு, மூடிய இரவு என்று பிரித்து யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தனியாகக் கொடுத்தால் போதுமா, கதிர்வீச்சு அளவும் வேண்டுமா?