ஒரே ஒரு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?

சிப்புட்_செம்பனை:

எல்லோருக்கும் வணக்கம். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் அப்பாவுக்கு நாலு ஏக்கர் செம்பனை, ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளி, வாழை. மறுநடவு செய்த கன்றுகளைக் காட்டுப்பன்றி வந்து சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) நேரத்தில் வீட்டில் சும்மா கிடந்தபோது அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை. கடை இல்லை, கரண்ட் இல்லை, பல வருடம் இப்படியே ஓட்ட வேண்டும், கையில் ஒரே ஒரு துப்பாக்கி, அது எது என்று அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. ஒருவர் சின்னக் குண்டு போடும் .22 ரைபிள் என்கிறார், ஒருவர் 12 போர் பம்ப் (கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஷாட்கன்), இன்னொருவர் ராணுவத் துப்பாக்கி சாயலில் வரும் ஏஆர்-15 தவிர வேறு பேச்சே இல்லை என்கிறார்.

நம் ஊருக்கு, நம் சட்டத்துக்குள், இதே கேள்விக்கு என்ன பதில்? கறிக்கும் தோட்டக் காவலுக்கும் வீட்டுக்கு ஒரு தைரியத்துக்கும் ஒன்றே போதுமா? லைசென்ஸ் இல்லாமல் எதையும் தொடப் போவதில்லை, அதனால் அந்த அறிவுரை வேண்டாம். துப்பாக்கியைப் பற்றிச் சொல்லுங்கள்.

லாடாங்_பெரிசு:

தம்பி, ஒற்றைக் குழல் 12 போர். மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்பார்களே, நடுவில் மடக்கித் தோட்டா போடுவது, அதுதான். இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பேன், ஆனால் நீ ஏன் என்று கேட்பாய்.

முதல் காரணம் தோட்டா. துப்பாக்கி ஒன்றாக இருக்கலாம், உள்ளே போடுவதை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆறாம் நம்பர் என்கிற பொடி ரவை போட்டால் காட்டுக்கோழி, புறா. எஸ்ஜி என்கிற பெரிய ரவை போட்டால் பன்றி. ஸ்லக் என்று ஒற்றை ஈயக்கட்டி வருகிறது, அது கிடைத்தால் 70, 80 மீட்டரில்கூடப் பெரிய பன்றியைச் சாய்க்கும், இங்கே அந்தத் தூரம் யாருக்கு வேண்டும், செம்பனைக்குள் 30 மீட்டருக்கு அப்பால் மட்டைதான் தெரியும். ரைபிளில் இந்த வசதி கிடையாது. ஒரு அளவு குண்டு, அதோடு சரி.

இரண்டாவது, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு குதிரை, ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், மடக்குகிற இடத்தில் ஒரு ஆணி. பம்ப் துப்பாக்கி நல்ல சாமான்தான், ரெமிங்டன் 870 எல்லாம் 1950லிருந்து ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் உள்ள பாகங்களை எண்ணிப் பார். நம் ஊர் ஈரத்தில், வியர்வைக் கையில், மழை நின்ற மறுநாள் இரும்பில் செம்பட்டை பூக்கிற இடத்தில், பத்து வருடம் கழித்து எது வேலை செய்யும் என்பதுதான் கேள்வி என்றால் என் பதில் மாறாது. மடக்கித் திறந்து குழலுக்குள் வெளிச்சம் பார்க்கலாம், குண்டு இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். ஒரே வெடி. காயம்பட்ட ஆண் பன்றி திரும்பி வந்தால் இன்னொரு தோட்டா போட உனக்கு நேரம் இருக்காது. அதனால் மரத்தடியில் நின்று சுடு, கிட்ட வரும்வரை பொறு, சந்தேகம் என்றால் சுடாதே.

ரேஞ்ச்_குமார்:

பெரிசு சொல்வது பன்றிக்குச் சரி, ஆனால் தம்பி கேட்டது பல வருடம். அப்படியென்றால் கணக்கு வேறு. .22 தோட்டா 500 எடுத்தால் இரண்டு கிலோகூட வராது. 12 போர் 500 என்றால் 20 கிலோவைத் தாண்டும், அதை வைக்க ஒரு அலமாரி வேண்டும். சத்தம் குறைவு, உதை இல்லை, அம்மாகூடச் சுடலாம். நீண்ட நாள் என்று வரும்போது தினமும் பன்றி அடிக்கவா போகிறோம், கோழி, அணில், உடும்பு மாதிரி சின்ன உருப்படிதான் சட்டிக்கு வரும். அதற்கு 12 போர் வீண் செலவு, கறியில் பாதி ஈயமாக இருக்கும். என் ஓட்டு .22க்கே. ருகர் 10/22 என்று ஒன்று 1964லிருந்து வருகிறது, உலகத்தில் எந்த மூலையிலும் உதிரிப் பாகம் கிடைக்கும்.

லாடாங்_பெரிசு:

குமார், உலகத்தில் எந்த மூலையிலும் கிடைக்கும், நம் மூலையைத் தவிர. சிறு தோட்டக்காரன் ஒருவனுக்குப் பயிரைக் காக்க ரைபிள் பெர்மிட் கிடைத்ததை நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. கொடுப்பது ஷாட்கன்தான். அப்புறம் அந்தச் சின்னக் குண்டு போகும் தூரத்தை மறந்துவிட்டாய். .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் என்று எச்சரிக்கை போட்டிருப்பான், அதாவது 2.4 கிலோமீட்டர். தம்பியின் நிலத்துக்கு அந்தப் பக்கம் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், பள்ளிக்கூடம். ஆறாம் நம்பர் ரவை 300 மீட்டருக்குள் பலம் இழந்து விழுந்துவிடும். எஸ்ஜியும் ஸ்லக்கும் அதைவிடத் தூரம் போகும், அதற்குத்தான் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிற மாதிரி பார்த்துச் சுட வேண்டும் என்பது.

பன்றியை .22ஆல் சுட்டால் அது ஓடிப் போய் எங்கேயோ புதரில் மூன்று நாள் கிடந்து சாகும். அது பாவம், கறியும் வீண்.

ஈப்போ_சட்டப்புலி:

லைசென்ஸ் அறிவுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் எதை வாங்குவது என்பதையே சட்டம்தான் முடிவு செய்கிறது. ஆயுதச் சட்டம் 1960இன்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும், பெர்மிட்டில் எழுதிய அளவுக்கு மேல் தோட்டா வைத்திருக்க முடியாது. ஆகவே குமார் சொல்கிற 500, 1000 என்ற கணக்கு அமெரிக்காவில் சரி, இங்கே அலமாரியில் அடுக்கிச் சேமிக்கும் பேச்சே இல்லை. வெடித்த தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்கிறேன் என்று யாராவது வீடியோ காட்டினால் அதையும் மூடிவிடுங்கள். ஏர் கன்கூட இங்கே ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். காட்டுப்பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனியாக லைசென்ஸ் வேண்டும், வனவிலங்குச் சட்டம் 2010.

வீட்டுக்குத் தைரியம் என்ற காரணத்தை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். நிலம், பயிர், சேதம், அதற்கு ஆதாரம், இவ்வளவுதான். லைசென்ஸ் ஆளின் பெயரில் வருவது, நிலத்தின் பெயரில் இல்லை. அப்பா பெயரில் இருந்தால் நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு போக முடியாது. அனுமதி இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 1971ஆம் ஆண்டின் தண்டனை உயர்வுச் சட்டத்தில் 14 வருடம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்படி).

இவ்வளவு கடுமை எங்கிருந்து வந்தது என்று சிப்புட்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சிப்புட் பக்கத்து எல்பில் தோட்டத்தில் ஒரு துரையையும் பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேரையும் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் அவசரகாலம் வந்தது, அந்தச் சட்டத்தில் அனுமதி இல்லாத துப்பாக்கிக்குத் தூக்குதான். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டதும் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்குத்தான். ஆகையால் இந்த ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாது.

மரவள்ளி_அக்கா:

துப்பாக்கிப் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஆண்களின் ஆசையைக் கெடுக்க வரவில்லை. ஆனால் பல வருடம் காலம் தள்ளுவது என்று சொல்கிறீர்களே, நம் ஆட்கள் அதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலம், 1942லிருந்து 1945 வரை, அரிசி இல்லை, துணி இல்லை, ஆண்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தது மரவள்ளியாலும் கீரையாலும். எங்கள் பாட்டி சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை, அவ்வளவு தின்றுவிட்டாராம்.

இன்னொன்று. கரண்ட் இல்லை என்றால் ஃப்ரீசர் இல்லை. 80 கிலோ பன்றியைச் சுட்டு என்ன செய்வீர்கள்? மறுநாளே நாறும். உப்புப் போட்டு வற்றலாக்கவோ புகை காட்டவோ தெரிய வேண்டும், அல்லது அன்றைக்கே ஊருக்குப் பங்கு போட வேண்டும். அந்தப் பன்றியும் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2021இல் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து காட்டுப்பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஒரு துப்பாக்கிக்கு ஆகும் காசில் கன்றைச் சுற்றி நல்ல கம்பி வேலி போட்டுவிட்டு மிச்சத்தில் உப்பும் பாராங்கும் (வெட்டுக்கத்தி) வாங்கலாம். அப்புறமும் காசு இருந்தால் பெரிசு சொன்ன துப்பாக்கியை வாங்குங்கள்.

லாடாங்_பெரிசு:

அக்கா சொல்வதில் வேலி விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் மரவள்ளி நட்டால் பன்றி முதலில் அதைத்தான் தோண்டும், அதற்காகவாவது ஒரு துப்பாக்கி வேண்டும்.

பராமரிப்பு கேட்கப் போகிறாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்காதே, உறை ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். சமையல் எண்ணெய் தடவாதே, நாளாக நாளாகப் பிசினாகிவிடும். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் போதும், குழலுக்குள்ளும் மெல்லிசாக ஒரு துணி இழுத்துவிடு, சுடுவதற்கு முன் மறக்காமல் துடைத்துவிடு. தோட்டாவை இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வை. வருடத்துக்கு ஒரு முறை பழையதைச் சுட்டுத் தீர்த்துப் புதியதை வாங்கு. தலைப்பக்கம் பச்சை பிடித்த தோட்டாவைத் துப்பாக்கியில் போடாதே.

சிப்புட்_செம்பனை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, வேலிக்கு விலை கேட்டுவிட்டேன், அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். துப்பாக்கி 12 போர் என்று முடிவு. ஒரு கேள்வி மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன்னிடம் இருக்கும் பழைய இங்கிலீஷ் இரட்டைக் குழலை விட்டுவிடப் போகிறாராம். ஒற்றைக்குப் பதில் அதை எடுக்கலாமா? ஒரு குழலில் ரவை, ஒரு குழலில் எஸ்ஜி என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஈப்போ_சட்டப்புலி:

கைக்குக் கை மாற்றக் கூடாது. அவர் பெர்மிட்டிலிருந்து உங்கள் பெர்மிட்டுக்குப் போலீஸ் வழியாகத்தான் வர வேண்டும். அதுவரை அவர் வீட்டிலேயே இருக்கட்டும், பார்க்கக்கூட எடுத்து வராதீர்கள்.

லாடாங்_பெரிசு:

இரட்டைக் குழல் நல்லதுதான், நீ சொன்ன மாதிரி ரெண்டு வகை போட்டு வைக்கலாம், திரும்பி வரும் பன்றிக்கும் ஒரு வெடி மிச்சம் இருக்கும். ஆனால் பழைய இங்கிலீஷ் சாமான் என்றால் குழலின் அடிப்பக்கம் என்ன குத்தியிருக்கிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல். பலதில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம்தான், 65 (மில்லிமீட்டர்) என்றும் போட்டிருக்கலாம். இப்போது கடையில் வருவது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டா, இரண்டே முக்கால் அங்குலம். வெடிக்காத தோட்டா கட்டையாகத்தான் இருக்கும், சின்ன அறையிலும் அழகாக உட்காரும், அதுதான் ஆபத்து. வெடித்து விரியும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிவிடும். இரண்டு குழலையும் ஒட்டிய ஈயப் பற்று விட்டிருக்கிறதா என்று விரலால் தட்டிக் கேட்கச் சொல், கணீரென்று வர வேண்டும். மடக்கிப் பூட்டிய பிறகு ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டரை என்றோ 65 என்றோ இருந்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புது ஒற்றைக் குழலுக்கு மனு போடு.