கடைசி இரண்டு நொடி: கிளமென்ட் ஃபிராய்டு ஆட்டத்தைக் கெடுத்தாரா?

அறுபது நொடி (காலை 9.10)
மயிலைக் கிழவர் நேற்று இங்கே எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பிபிசி ரேடியோ 4-இல் 1967 டிசம்பர் முதல் ஒலித்துவரும் ‘ஜஸ்ட் எ மினிட்’ நிகழ்ச்சியில் கென்னத் வில்லியம்ஸ் ஒருவரே கலைஞராம். கிளமென்ட் ஃபிராய்டு கடைசி இரண்டு நொடியில் பஸ்ஸரை அமுக்கிப் புள்ளி பொறுக்கிய கணக்குப்பிள்ளையாம். கேட்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்த தலைப்பில் ஒருவர் அறுபது நொடி பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. எஞ்சிய மூவரில் யாரும் இடைமறித்து ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரியென்று நடுவர் ஏற்றால் ஒரு புள்ளியும் மிச்ச நேரமும் ஆட்சேபித்தவருக்கு. தவறென்றால் பேசிக்கொண்டிருந்தவருக்குப் புள்ளி. நிமிடம் முடிந்து விசில் ஊதும்போது யார் பேசுகிறாரோ அவருக்கு இன்னொரு புள்ளி. ஆகவே ஐம்பத்தெட்டாவது நொடியில் சரியாக ஆட்சேபிப்பவருக்கு இரண்டு புள்ளிகள் கிடைக்கும். ஃபிராய்டு விதியைப் படித்தவர். படிக்காமல் வந்து அமர்ந்தவர்களுக்காக அவர் வெட்கப்பட வேண்டுமா?

மயிலைக் கிழவர் (காலை 9.42)
விதியைப் படித்தவர் என்பதுதான் ஐயா என் புகாரே. ஒருத்தி ஆற்றிலிருந்து குடம் சுமந்து வருகிறாள். வாசற்படியில் நின்ற ஒருவன் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன்” என்கிறான். கடைசி இரண்டு நொடி என்பது இதுதான். வில்லியம்ஸ் அப்படியா செய்தார்? ஒரே சொல்லை மூக்கால் இழுத்து, ரப்பர் போல நீட்டி, அதற்குள்ளேயே மூன்று நொடி குடியிருப்பார், அரங்கம் அதிரும். ஆட்சேபித்தால் கோபித்துக்கொண்டு, கிரேட் போர்ட்லேண்ட் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தவனை இப்படியா நடத்துவது என்று நடுவரிடம் முறையிடுவார். அந்தத் தெரு பிபிசி தலைமையகத்திலிருந்து பொடிநடை தூரம் என்பது தெரிந்து கேட்டால்தான் அதன் சுவை புரியும். உங்கள் ஃபிராய்டுக்கு இப்படி ஒரு வரி உண்டா?

அறுபது நொடி (காலை 9.55)
கிரேட் போர்ட்லேண்ட் தெருவை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த நிலையத்தில் இறங்கித்தான் பல ஆண்டுகள் வேலைக்குப் போனேன். கோபித்துக்கொள்வது ஒரு கலை என்றால் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையும் கலைஞர்தான். வில்லியம்ஸ் 1968-இல் வந்தார்; ஃபிராய்டோ முதல் நிகழ்ச்சியிலேயே இருந்தவர். வில்லியம்ஸ் 1988-இல் மறைந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே இருக்கையில் அமர்ந்து ஆடியவர். சிரிப்பில்லாத கனத்த குரலில், சமையற்கட்டில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். ஒரு சொல்லும் இருமுறை வராது. எங்கே மூச்சு வாங்குகிறார் என்றே தெரியாது. அந்த மனிதர் கடைசி இரண்டு நொடியில் ஆட்சேபித்தார் என்றால், அதுவரை ஐம்பத்தெட்டு நொடியும் காதைத் தீட்டிக் கேட்டிருந்தார் என்றுதான் பொருள்.

மயிலைக் கிழவர் (காலை 10.20)
பொருள்களை அடுக்குவதற்கு மளிகைக் கடை ரசீது போதுமே, எதற்கு ஃபிராய்டு? அவர் சமையல் பற்றி எழுதிப் பிழைத்தவர், பட்டியல் கைவசம் இருந்திருக்கும். கடைசி இரண்டு நொடி பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தென்திசை (முற்பகல் 11.05)
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. இந்த ஆட்டத்தின் விதிகள் நமக்குப் புதியவை அல்ல. ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நம் இலக்கணம் வகுத்த பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று, ‘மற்றொன்று விரித்தல்’ இன்னொன்று. இயன் மெஸ்ஸிட்டர் இந்த ஆட்டத்தை உருவாக்கியதற்குக் காரணம், பள்ளியில் கவனமின்றி இருந்தபோது, ஆசிரியர் சொன்னதையெல்லாம் ஒரு நிமிடம் தயங்காமல் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாடை வரவில்லையா? 2012-இல் மும்பையில் நிகழ்ச்சியைப் பதிவு செய்தபோது இந்தியக் கலைஞர்களும் ஈடுகொடுத்து ஆடினார்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

அறுபது நொடி (முற்பகல் 11.12)
மற்றொன்று விரித்தல்! நானும் பஸ்ஸரை அழுத்திவிட்டேன். தென்திசை அவர்களே, பத்துக் குற்றம் நூல் எழுதுபவனுக்கு. எதிரே பகைவர் மூவர் காத்திருக்க வாயால் பேசுபவனுக்கு அல்ல. எதை எடுத்தாலும் “இது நம்மிடம் முன்பே இருந்தது” என்று பத்திரம் பதிவு செய்யும் வழக்கத்தை, நடுவர் நிக்கோலஸ் பார்சன்ஸ் பற்றிய சென்ற மாத விவாதத்திலேயே உங்களிடம் பார்த்துவிட்டேன்.

தென்திசை (முற்பகல் 11.30)
சென்ற மாதம் பார்சன்ஸ் நடுநிலை தவறினார் என்று சாதித்துவிட்டு, சான்று கேட்டதும் நான்கு நாள் தலைமறைவானவர் யாரென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஷீலா ரசிகை (நண்பகல் 12.15)
காலையிலிருந்து படிக்கிறேன், ஷீலா ஹேன்காக் பெயரை ஒருவரும் எழுதவில்லை. முதல் தொடரிலேயே வந்து அமர்ந்தவர். அரை நூற்றாண்டு கழித்தும் அதே மேசைக்கு வந்து, இளையவர்களுக்குச் சளைக்காமல் ஆடியவர். ஃபிராய்டு, வில்லியம்ஸ், டெரெக் நிம்மோ, பீட்டர் ஜோன்ஸ் என்று நால்வரை மட்டும் பல்லக்கில் தூக்குவீர்கள். 2021 முதல் நடுவர் நாற்காலியில் நிரந்தரமாக இருப்பவர் சூ பெர்கின்ஸ் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

அறுபது நொடி (நண்பகல் 12.31)
ஷீலா அவர்களை மதிக்கிறேன், அம்மையீர். ஆனால் விவாதம் கடைசி இரண்டு நொடி பற்றியது. நிம்மோவுக்குத் தன் நாடகக் குழுவோடு கீழை நாடுகளில் சுற்றிய கதை, ஜோன்ஸுக்கு நிதானம். அந்த நிதானத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். தலைப்பைக் கேட்டதும் அவசரமே இல்லாமல், கிணற்றில் வாளி இறக்குவதுபோலத் தொடங்குவார், நான்கு சொல்லில் தயக்கம் என்று பஸ்ஸர் ஒலிக்கும், வருத்தமே படமாட்டார். வெல்ல விரும்பாதவர் அழகாகத் தோற்றார், வெல்ல விரும்பியவர் அழகாக வென்றார். வெல்லவும் விரும்பி, தோற்றால் கூச்சலும் இட்டவர் வில்லியம்ஸ் ஒருவர்தான்.

மயிலைக் கிழவர் (பிற்பகல் 2.40)
கூச்சல் என்று எழுதிய விரல் கூசவில்லையா? அந்தக் கூச்சலுக்காகத்தான் அந்நாளில் பலர் வானொலியைத் திருப்பினார்கள். வில்லியம்ஸ் மறைந்த பின் வந்த பால் மெர்டன், ஒரு சாதாரணத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கனவுலகத்துக்கே பறந்துவிடுவார். அவர் வில்லியம்ஸின் வாரிசு. ஃபிராய்டுக்கு வாரிசு யார்? ஒருவரும் இல்லை. கடைசி இரண்டு நொடிக்கு எவனும் வாரிசாக விரும்பமாட்டான்.

அறுபது நொடி (பிற்பகல் 2.58)
கூறியது கூறல்! ‘கடைசி இரண்டு நொடி’ என்பதைத் தாங்கள் இதுவரை எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பு அட்டையில் உள்ள சொல்லைத் திரும்பச் சொல்ல ஆட்டத்தில் அனுமதி உண்டு. அந்தச் சலுகையில்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். மெர்டன் வாரிசு என்பதும் பாதி உண்மை. பறப்பதில் வில்லியம்ஸின் வாரிசாக இருக்கலாம். புள்ளிக் கணக்கில் அவர் கண் வைத்திருந்ததைப் பார்த்தால், ஃபிராய்டு அருகில் இருபது ஆண்டு உட்கார்ந்து கற்றவர் என்று தெரியும்.

தென்திசை (மாலை 4.10)
அறுபது நொடி அவர்கள் காலையில் ‘பிபிசி’ என்று எழுதினார். அந்த நிகழ்ச்சியில் ‘பி’ இருமுறை வந்துவிட்டதென்று அதற்கே ஆட்சேபம் எழுந்து ஏற்கப்பட்டதுண்டு. எனக்கு ஒரு புள்ளி.

அறுபது நொடி (மாலை 4.14)
மயிலைக் கிழவரும் எழுதினார். அதை ஏன் சொல்லவில்லை? இதுதான் உங்கள் நடுநிலை.

ஷீலா ரசிகை (மாலை 5.25)
இன்னும் ஒருவரும் ஷீலா ஹேன்காக்கின் ஆட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மட்டுறுத்துநர் (இரவு 8.00)
தனிநபர் சீண்டல் கூடிவிட்டதால் இவ்விழை இரவு 10 மணிக்குப் பூட்டப்படும்.

அறுபது நொடி (இரவு 8.20)
அப்படியானால் என் தரப்பை முடித்துவிடுகிறேன். வில்லியம்ஸ் மறைந்தது 1988 ஏப்ரல் 15. ஃபிராய்டு மறைந்தது 2009 ஏப்ரல் 15. ஒரே தேதி. காலண்டர்கூட இருவரையும் ஒரே வரியில் வைத்துவிட்டது. நம் கிழவருக்கு மட்டும் மனம் வரவில்லை. முதல் நாள் முதல் அந்த மேசையில் இருந்து, நாற்பது ஆண்டு ஒரே கூர்மையோடு ஆடியவரைக் கணக்குப்பிள்ளை என்றதை அவர் திரும்பப் பெற வேண்டும். பெறமாட்டார் என்பதும் தெரியும். இதற்கு மேல் எழுதமாட்டேன். யாரும் எழுதவும் அவசியமில்லை.

மயிலைக் கிழவர் (இரவு 9.59)
திரும்பப் பெறவில்லை. கணக்குப்பிள்ளைதான்.