கைக்கு எட்டிய நூல் கண்ணுக்கும் காதுக்கும் எட்ட வேண்டும்: சில அனுபவங்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அங் மோ கியோ

சிங்கப்பூரில் தாதிமை இல்லம் ஒன்றில் முதியவர்களுக்கு நூல் வாசித்துக் காட்டும் தொண்டூழியத்தில் நான் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அங்கே சந்தித்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இளமையைக் கழித்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்க்கவில்லை என்றாலும், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தாமே தைத்து வைத்துக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்துவிட்டதால், எதைப் பார்த்தாலும் அதன் மையம் மறைந்து ஓரங்கள் மட்டுமே அவருக்குத் தெரியும். இல்லத்தின் அலமாரியில் தமிழ் நூல்களுக்குக் குறைவில்லை. நன்கொடையாக வந்தவை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. “டீச்சர், புத்தகம் இருக்கு, எழுத்துத்தான் இல்ல” என்று அவர் முதல் நாளே சொன்னார்.

முதலில் நான் வாசிக்க அவர் கேட்டார். அடுத்து, பக்கங்களை நகலெடுக்கும் இயந்திரத்தில் பெரிதாக்கிக் கொடுத்துப் பார்த்தோம். தமிழ் எழுத்தைப் பெரிதாக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெல்லிய கோடுகளால் ஆன அச்செழுத்து பெரிதானபோது கோடு வெளிறிப்போயிற்று. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து ‘பக்கம்’ என்பது ‘பககம’ என்று நின்றது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரகரமும் துணைக்காலும் அவர் கண்ணுக்கு ஒன்றாயின. சொல்லை ஊகித்து ஊகித்து வாசித்த அவர் அரைப்பக்கத்திலேயே களைத்துப்போனார். பின்னர், எங்கள் குழுவில் அச்சுத் தொழில் தெரிந்த ஒருவரின் உதவியோடு, கோடுகள் ஒரே தடிமனில் அமைந்த எழுத்துருவில், இருபது புள்ளி அளவில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம்விட்டு, பளபளப்பில்லாத தாளில், காப்புரிமைக் காலம் முடிந்த சில கதைகளை அச்சிட்டுக் கொடுத்தோம். அவற்றை அவர் தாமே வாசித்தார்.

நான் வாசித்துக் காட்டியபோது, நான் தேர்ந்த கதையை, நான் வாசித்த வேகத்தில், நான் வந்த நாளில் மட்டுமே அவரால் கேட்க முடிந்தது. தாமே வாசிக்கத் தொடங்கியதும் பிடிக்காத கதையைப் பாதியில் மூடி வைத்தார். பிடித்த பத்திக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். ஒரு கதாபாத்திரத்தின் முடிவு நியாயமற்றது என்று என்னோடு வாதிட்டார். பிறர் வாசிக்கக் கேட்பது பேரன்பு. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை; இன்றும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆயினும், வாசிப்பின் முழுப் பயன் மனிதன் தன் விருப்பப்படி நூலோடு தனித்திருக்க முடிகிறபோதே கிடைக்கிறது என்பதை அந்தப் பெரியவரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

இப்போது அவர் கைக்கணினியில் வாசிக்கிறார். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி (Libby) என்னும் இரவல் செயலி வழியாக இரவல் பெற்று, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினால், வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன. ஒளிப்படமாக எடுக்கப்பட்ட பக்கங்களில் இது நடப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே போக வேண்டும், கை நடுங்கும் ஒருவரால் அது ஆகாத காரியம். மின்னூல் என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒன்றல்ல என்பதை நூல் வெளியிடுவோர் உணர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இந்த ஊரில் எல்லோருக்கும் நூல் என்ற எண்ணம் புதிதன்று. முன்பு ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டியவர்களே நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. 1953ஆம் ஆண்டில் தொழிலதிபர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தபோது, நூலகம் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், இங்குள்ள ஆசிய மொழிகளின் நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறக்கப்பட்ட தேசிய நூலகம் அதன் பயனாக எழுந்தது. அதே ஐம்பதுகளில், மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குச் சாதாரணத் தொழிலாளர்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் ஒருநாளும் கால் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக, வாசிக்க விரும்பியும் வழியில்லாமல் இருந்த ஒருவருக்கு வழி எப்படிக் கிடைத்தது என்பதை அறிய ஆவலாக உள்ளேன்.

பார்வையற்ற வாசகர், தோ பாயோ

வணக்கம் டீச்சர். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அலுவலகப் பணியில் இருக்கிறேன். உங்கள் பெரியவர் சொன்ன அதே குறையை நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

விரலால் தடவி வாசிக்கும் தமிழ்ப் பிரெயிலைச் சிறுவயதில் கற்றேன். 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரதி பிரெயில் முறையில் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒலியை அடிப்படையாகக் கொண்ட பொதுவான புள்ளி அமைப்பு இருப்பதால், அதைக் கற்பது கடினமில்லை. நூல்தான் கிடைக்காது. கிடைத்தாலும், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நாவல் பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாகிவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பது? ஆகவே பல ஆண்டுகள், என் அக்கா வாசித்துக் காட்டியவையே எனக்குத் தமிழ் இலக்கியமாக இருந்தன. அக்காவுக்குத் திருமணமான பிறகு அதுவும் குறைந்தது.

திரையில் உள்ளதைக் குரலாக்கும் என்விடிஏ மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதில் தமிழ்க் குரலைத் தேர்ந்த பிறகு, நம் ஊர் எழுத்தாளர் ஒருவர் தம் சிறுகதைத் தொகுப்பின் கோப்பை அன்போடு அனுப்பி வைத்தார். திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஒலித்தது. அந்தக் கோப்பு தொண்ணூறுகளில் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ், கணினிக்கு அது தமிழே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) இருந்தால் மட்டுமே ‘இது ககரம், இது அகரம்’ என்று கணினி அறிந்து சொல்ல முடியும். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்தக் கோப்பை இட்டு, பிழைகளை எழுத்தாளரே உட்கார்ந்து திருத்தி, மீண்டும் அனுப்பினார். அன்று இரவு முழுத் தொகுப்பையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் உறங்கினேன். எங்கள் ஊரின் கடைவீதிகளும் புளோக்குகளும் வரும் தமிழ்க் கதைகளை, யார் உதவியும் இன்றி, நானே முதன்முறையாக வாசித்தேன்.

இயந்திரக் குரலில் குறைகள் உண்டு. தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கு ஒலிவேறுபாடு காட்டப்படாததால், ‘பிடோக்’ என்ற வட்டாரப் பெயரை நாம் சொல்வதுபோல் அது சொல்வதில்லை. அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே அல்ல. பழகிய காது இரட்டிப்பு வேகத்தில்கூடக் கேட்டுவிடும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கச் செய்து, அதன் எழுத்துக்கூட்டலையும் அறிந்துகொள்ள முடிகிறது. அக்கா வாசித்தபோது ‘பொறுமை’யில் எந்த ரகரம் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இங்கே ஒன்றைப் பெருமையோடு சொல்ல வேண்டும். கணினியில் தமிழ் சீராக ஒழுங்குபட வேண்டும் என்ற முயற்சியில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்த முன்னோடி. அவர் முயற்சியால் தமிழ் இணையம் குறித்த மாநாடு 1997இல் இங்கே நடந்தது. 1999இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இந்த ஊரில் தொடங்கப்பட்டது. பார்வையுள்ளவர்களுக்குத் தட்டச்சு வசதியாக அமைந்த அந்த ஒழுங்கு, எங்களைப் போன்றவர்களுக்கு நூலகத்தின் வாசலாகவே அமைந்தது.

சட்டமும் எங்கள் பக்கம் நிற்கிறது. 2013இல் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் உரிமையாளரின் அனுமதியின்றியே ஏற்ற வடிவில் பிரதி எடுக்கவும், அதை நாடு விட்டு நாடு அனுப்பவும் வழி செய்கிறது. முதலில் அதை உறுதிசெய்த நாடு இந்தியா. சிங்கப்பூர் 2015இல் இணைந்தது. உடன்படிக்கை 2016இல் நடைமுறைக்கு வந்தது. தமிழுக்கு இதனால் வரும் நன்மை பெரிது. இந்தியாவின் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தைப் போன்றவற்றில் ஒருமுறை உருவாக்கப்பட்ட ஒரு தமிழ் நூலை இங்கே மீண்டும் முதலிலிருந்து உருவாக்கத் தேவையில்லை. சட்டம் கதவைத் திறந்துவிட்டது என்பது உண்மை. நல்ல கோப்பு இல்லாமல் அந்தக் கதவால் பயனில்லை என்பதும் உண்மை.

கட்டுமானத் துறை மேற்பார்வையாளர், துவாஸ்

ஐயா, டீச்சர், இருவருக்கும் வணக்கம். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நேரமும் இடமும் இல்லாதவர்களின் சார்பில் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் மன்னார்குடி. 1931ஆம் ஆண்டிலேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக நூலகம் சென்ற ஊர் அது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகம் போக வேண்டும் என்பதை எங்கள் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் 1960இலிருந்து பல ஆண்டுகள் நடமாடும் நூலகங்கள் ஓடின. இன்று மோலி என்னும் பேருந்து நூலகம், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்குச் செல்கிறது.

தங்குவிடுதியில் என் அறையில் இருந்த தம்பி ஒருவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் படுக்கையில் வாசிப்பதைப் பார்த்து, எதைப் பற்றிய கதை என்று கேட்பார். பிறகு, “சத்தமா வாசிங்கண்ணே” என்றார். வாசித்தேன், அறையில் மற்றவர்களும் கேட்டார்கள். சில வாரங்கள் கழித்து நான் இரவு வேலைக்கு மாறிவிட்டேன். கதை பாதியில் நின்றது. திரும்பி வந்தபோது, அந்தத் தம்பி நூலைத் தாமே எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டி, மீதிக் கதையை முடித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். வேலை உடையில் வந்தால் விடுவார்களா, அட்டை கேட்பார்களா என்று வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே போய் உட்கார்ந்து வாசிக்க எந்த அட்டையும் வேண்டாம், ஒரு காசும் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பணியாளர் ஒருவர் புன்னகையோடு தமிழ்ப் பிரிவைக் காட்டிய பிறகே நடை இயல்பானது. கட்டணத்தைவிடவும் பெரிய தடை அந்தத் தயக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை ஒரு அறிவிப்புப் பலகையால் நீக்க முடியாது. கூட நடந்து செல்ல ஒருவர் வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது ஊரிலிருக்கும் மகளோடு காணொளி அழைப்பில் கதைப் புத்தகம் வாசிக்கிறார்.

தாய், தெம்பனிஸ்

என் மகனுக்கு வாசிப்புத் திறன் குறைபாடு உள்ளது. தமிழ் நூலைக் கண்டாலே ஒதுங்கிய பிள்ளை, நான் கைப்பேசியில் பதிவு செய்த குரலைக் கேட்டுக்கொண்டே அதே பக்கத்தை விரலால் பின்தொடரத் தொடங்கிய பிறகு, மூன்று நான்கு வரிக் கதைகளைத் தானாக வாசிக்கிறான். வேகமாக வாசி என்று யாரும் சொல்லாத இடத்தில்தான் அவனுக்கு வாசிப்பு வருகிறது. தோ பாயோ ஐயா எழுதியதைப் படித்த பிறகு, இயந்திரக் குரலின் வேகத்தை அவனே குறைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தேன். அம்மாவின் குரலைக் காட்டிலும் அது அவனுக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அங் மோ கியோ

மூவருக்கும் நன்றி. துவாஸ் தம்பி, தங்குவிடுதிக்கு நூல் வேண்டுமென்றால், நன்கொடையாளர் வீட்டில் மிஞ்சியதை அனுப்புவதைவிட, அங்கிருப்பவர்கள் கேட்கும் நூலை வாங்கி அனுப்பவே விரும்புகிறேன். ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். தோ பாயோ தம்பி சொன்னதற்குச் சிறு தொடக்கமாக, எங்கள் குழுவில் உள்ள எழுத்தாளர்களிடம் அவர்கள் நூல்களின் கோப்புகளைக் கேட்டோம். 2015இல் நாட்டின் பொன்விழாவையொட்டிச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் 350க்கும் மேற்பட்டவை மின்மயமாக்கப்பட்டபோது தொண்டூழியர்கள் எத்தனை பேர் மெய்ப்புப் பார்த்தார்கள் என்பது எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த உழைப்புக்கு இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோப்பு அனுப்ப விரும்பும் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப் வேண்டாம்; திருத்தங்கள் முடிந்த எழுத்துக் கோப்பை ஒருங்குறியில் அனுப்புங்கள். கதைத் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்பு என்றே குறியுங்கள். அப்போதுதான் கேட்டு வாசிப்பவர் ஒரு கதையிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். படங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிச் சேருங்கள். பழைய எழுத்துருவில் மட்டுமே இருந்தால், எந்த எழுத்துரு என்ற பெயரையும் குறிப்பிட்டு அப்படியே அனுப்பலாம். மாற்றுவதையும் மெய்ப்புப் பார்ப்பதையும் நாங்கள் செய்துகொள்கிறோம்.