மறு: ஹைஜீன் ஹைப்பாதெசிஸ் - தூய்மைக் கருதுகோள் சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல நுண்ணுயிரிங்களோட பழக்கம் குறைஞ்சா அலர்ஜியும் தன்னுடல் தாக்குநோயும் (நோயெதிர்ப்பு நம்ம உடம்பையே தாக்குற நோய்) கூடுதுங்கறதுதான் ஹைஜீன் ஹைப்பாதெசிஸ். நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு அதுக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம்ங்கற பேச்சுக்கு என் பதில் இது.

> ஹைஜீன் தூய்மை, ஹைப்பாதெசிஸ் கருதுகோள். தூய்மைக் கருதுகோள்னு வச்சிட்டா வேலை முடிஞ்சுது.

ஐயா, சொல்லா பார்த்தா குறை ஒண்ணும் இல்ல, சுருக்கமாவும் இருக்கு. ஆனா கைக்குழந்தை வச்சிருக்கிற ஒரு அம்மா இதப் படிச்சா சுத்தமா வளக்குறதாலதான் நோய் வருது போலன்னுதான் எடுத்துக்குவாங்க, சோப்பு போட்டு கை கழுவுறதையே விட்டுடலாமான்னு யோசிப்பாங்க, ஆராய்ச்சி அப்படிச் சொல்லவே இல்ல.

இந்தக் கருத்துக்கு ஆரம்பமா சொல்றது, 1989ல டேவிட் ஸ்ட்ராக்கன்ங்கற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதினது, அது ஹே ஃபீவர் பத்தி. பிரிட்டன்ல 1958 மார்ச்ல ஒரே வாரத்துல பிறந்த 17,000க்கும் மேல பிள்ளைங்களோட தகவல வச்சு, வீட்ல மூத்த பிள்ளைங்க அதிகமா இருந்தா சின்னதுக்கு அந்தத் தும்மல் நோய் கம்மியா இருக்குன்னு கண்டார், அண்ணன் அக்காகிட்டேர்ந்து சின்ன வயசுலயே தொத்துறதுதான் காப்பாத்துதோன்னு கேட்டார். அது அலர்ஜி. தன்னுடல் தாக்குநோய் பக்கம் பார்த்தா அதுக்கு முன்னாடியே 1968ல பிரையன் கிரீன்வுட், நைஜீரியாவுல இந்த மாதிரி நோய் ஏன் இவ்ளோ அபூர்வமா இருக்கு, ஒட்டுண்ணித் தொற்றுதான் காரணமோன்னு எழுதியிருக்கார். 2002ல ழான்-ஃபிரான்சுவா பாக், பணக்கார நாடுகள்ல தொற்றுநோய் இறங்க இறங்க டைப் 1 சர்க்கரை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்பு உறை கெட்டுப் போற நோய்) எல்லாம் ஏறுறத ரெண்டு வரைபடமா பக்கத்துல பக்கத்துல போட்டார். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்குறத மட்டும் வச்சு காரணம்னு சொல்லிட முடியாதுதான்.

என்னைப் பொறுத்தவரை கனமான சான்று, ஃபின்லாந்து-ரஷ்யா எல்லையில இருக்கிற கரேலியாதான். பிள்ளைங்களுக்கு வர்ற டைப் 1 சர்க்கரை உலகத்துலயே அதிகம் ஃபின்லாந்துல. எல்லைய தாண்டி ரஷ்யக் கரேலியாவுக்குப் போனா ஏறக்குறைய ஆறுல ஒரு பங்குதான், இத்தனைக்கும் அந்த நோய்க்கு வழிவிடுற எச்எல்ஏ மரபணு வகைங்க ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 2016ல வந்த ஆய்வு கைக்குழந்தைங்க குடல்ல இருக்கிற பாக்டீரியாவப் பார்த்துச்சு. ஃபின்லாந்து, எஸ்டோனியா குழந்தைங்ககிட்ட பாக்டீராய்டிஸ் அதிகம், ரஷ்யப் பக்கம் அது கம்மி, ஈ. கோலை மாதிரி வகைங்க இருக்கு. ஈ. கோலையோட வெளி உறையில இருக்கிற லிப்போபாலிசாக்கரைடுங்கற பொருள் நோயெதிர்ப்பு செல்லை நல்லா தூண்டி விடுது, பாக்டீராய்டிஸோடது அப்படித் தூண்டுறதில்ல, கூட இருந்தா மத்தத வேலை செய்யவும் விடுறதில்ல. சர்க்கரை நோய் வர்ற வகை எலிக்கு ஈ. கோலையோடத ஊசியா போட்டப்ப நோய் குறைஞ்சுது. இங்க வித்தியாசம் அழுக்கா சுத்தமாங்கறதுல இல்லையே ஐயா, எந்த உயிரி எந்த வயசுல வந்து குடியேறுதுங்கறதுலதான இருக்கு.

> "கிருமிப் பயிற்சிக் கொள்கை" எப்படி?

பயிற்சி அருமையான யோசனை அக்கா, ஆனா கிருமின்னாலே நம்ம காதுல நோய்னுதான் விழுது. அதோட உண்மையான நோய்க்கிருமி பல சமயம் நேர் எதிரா வேலை செய்யுது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்கு அப்புறம் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப் போற பிள்ளைங்கள நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்ல இன்னைக்கும் பாக்கலாம், அதுவும் தன்னுடல் தாக்குற நோய்தான், கிருமியாலதான் வருது. 2022ல அமெரிக்கப் படையில வேலை பார்த்த ஒரு கோடிப் பேருக்கும் மேல தகவல வச்சுப் பார்த்ததுல, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொத்தினவங்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வர்ற வாய்ப்பு 32 மடங்கு ஏறுச்சு. அந்த வைரஸ் குழந்தைல வந்தா பெரும்பாலும் சத்தமில்லாம போயிடும், பதின்வயசுல காய்ச்சலா வந்தா ஆபத்து கூடுது. அதனால கிருமிங்கற சொல் இதுல வேண்டவே வேண்டாம்.

கிரஹாம் ரூக் 2003ல வச்ச "ஓல்டு ஃப்ரெண்ட்ஸ்" பேருதான் விஷயத்துக்கு கிட்ட வருது. மனுஷன் வேட்டையாடித் திரிஞ்ச காலத்துலேர்ந்து கூடவே இருக்கிற குடல் பாக்டீரியா, மண்ணுல இருக்கிறது, சில புழு, இதுங்கதான் ஒழுங்குபடுத்துற டி செல்லுக்கு (நோயெதிர்ப்பு எல்லை மீறாம பாத்துக்கிற வெள்ளணு) அடக்கி வைக்கக் கத்துக்குடுக்குதுன்னு அவர் வாதம் (2025 மருத்துவ நோபல் கிடைச்சது அந்த டி செல் வேலைக்குத்தான்). பழைய நண்பர்கள்னு அப்படியே வச்சா கலைச்சொல்லா நிக்காது, அதுலேர்ந்து வேற சொல் கட்ட முடியாது.

என் பரிந்துரை: பழகுயிரி.

பழகு + உயிரி. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, பழகின உயிரி, பழகுற உயிரி, இனி பழகப்போற உயிரி மூணும் அதுக்குள்ளயே அடங்கிடுது, பரம்பரையா கூட வந்ததும் புதுசா பிறந்த குழந்தைக்கு இனிமே வரவேண்டியதும் ஒரே சொல்லுக்குள்ள நிக்குது. பழகுயிரிக் கருதுகோள், பழகுயிரி இழப்பு, பழகுயிரிக் குறைவுன்னு கட்டிட்டே போகலாம். தூய்மைக் கருதுகோள்ங்கறத ஸ்ட்ராக்கனோட 1989 கருத்துக்கு மட்டும் வரலாற்றுப் பெயரா வச்சுக்கலாம்னு நினைக்கிறேன். எக்ஸ்போஷருக்கு (உயிரிங்க நம்ம மேல வந்து படுறதுக்கு) சிலர் போடுற "கிருமி வெளிப்பாடு"ம் ஆகாது, உடம்புலேர்ந்து கிருமி வெளிய வர்ற மாதிரி இருக்கு, "இளம்பருவப் பழகல்" போதும். தன்னுடல் தாக்குநோய் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதைத் தொட வேண்டாம்.

ஒண்ணு மட்டும் இலங்கை நண்பர்கள் சொல்லணும். உங்க பாடப்புத்தகத்துல நுண்ணங்கி (நுண்ணுயிரி), நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு)னுதான வரும், அங்க உயிரி ஒட்டுமா இல்ல பழகங்கின்னு வச்சாதான் வகுப்புல ஏறுமா? இங்க அங்கின்னா போட்டுக்கிற உடுப்பு, அதனால எனக்குத் தயக்கம். பாடம் எடுக்கிறவங்க யாராவது பதில் போட்டா அதுக்கப்புறம் பட்டியல்ல ஏத்தலாம்.