அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுப் பயிற்சியைக் கைவிடுபவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (இளநிலை இயன்முறை மருத்துவர்):

நான் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவமனையில் என் கண்முன்னே ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார்கள். வீடு திரும்பிய மூன்றாம் வாரத்திலிருந்து பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போது என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் ஐந்தாம் வாரத்திலும் முழங்காலை 75 டிகிரிக்கு மேல் மடக்க முடியாமல் இருக்கிறார். கேட்டால் "செய்தேன்" என்கிறார். தொடைத்தசையைத் தொட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன், படம் போட்ட தாள் கொடுத்தேன், சற்றுக் கடிந்தும் பேசிவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில் 1 (மூத்த இயன்முறை மருத்துவர்):

கடிந்து பேசுவதை முதலில் நிறுத்துங்கள். அந்தச் "செய்தேன்" பிறப்பதே அங்கேதான். "செய்தீர்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தப் பயிற்சி அதிகம் படுத்துகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மதுப் பழக்கத்தால் சிக்கலுக்கு உள்ளானவர்களோடு பணியாற்றிய வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: மாற வேண்டிய காரணத்தை நாம் அடுக்குவதைவிட, அவர் வாயாலேயே அது வர வேண்டும்.

டிகிரிக் கணக்கு நமக்குத்தான் முக்கியம், அவருக்கு அன்று. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி போதும். படி இறங்க 90 டிகிரி அளவும், தாழ்வான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ அதற்கும் கூடுதலாகவும் மடங்க வேண்டும். ஆகவே அவர் மீண்டும் செய்ய ஏங்கும் வேலை எது என்று கேட்டறிந்து, அதற்கு இன்னும் எவ்வளவு மடக்க வேண்டும் என்பதை அவர் காலிலேயே அளந்து காட்டுங்கள்.

இன்னொன்று, உங்கள் தாளில் எத்தனை பயிற்சிகள் உள்ளன? 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு பயிற்சிகள் மட்டும் பெற்றவர்கள், எட்டுப் பெற்றவர்களைவிட அவற்றைச் சரியாகச் செய்தார்கள். தாள் நிறைய எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நம் மனநிறைவுக்காகத்தான்.

பதில் 2 (மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர்):

நோயாளியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நானும் "செய்தேன்" என்று பொய் சொன்னவன்தான். சோம்பல் அன்று, பயம். மடக்கும் ஒவ்வொரு முறையும் தையல் பிரிந்துவிடுமோ, உள்ளே வைத்தது நகர்ந்துவிடுமோ என்று தோன்றும். "வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்களே தவிர, எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் பிரித்துச் சொல்லவில்லை. பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட், பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் தணிந்துவிடும் இழுவலி எதிர்பார்க்கக்கூடியதே என்றும், மறுநாளும் வலியும் வீக்கமும் ஏறியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். மருத்துவரிடம் கேட்டு, வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் கால் முழுமையாக நீளாமல் போய்விடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் என்னை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

பதில் 3 (எலும்பியல் பிரிவுச் செவிலியர்):

மேலே சொன்னவற்றோடு, "தினமும் மூன்று முறை" என்று பொதுவாகச் சொல்லாமல், எப்போது, எங்கே செய்யப்போகிறார் என்பதை அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் ஆர்பெல், ஷீரன் ஆகியோர் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு திட்டம் எழுதியவர்கள் அன்றாட வேலைகளுக்கு முன்னதாகவே திரும்பினார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஊக்கக் குறைவாக மட்டும் பார்க்க வேண்டாம். மூட்டில் வீக்கம் இருக்கும்வரை தொடைத்தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டல் தானாகவே மட்டுப்படும். அவர் உண்மையாகவே முயன்றும் தசை தளர்வாகவே இருக்கலாம். ஐந்தாம் வாரத்தில் 75 டிகிரி என்பதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் இப்போதே தெரிவியுங்கள். 90 டிகிரியை எட்டாதவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சையை ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் பரிசீலிப்பது வழக்கம்; தழும்புத் திசு இறுகிய பிறகு பலன் குறையும். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு ஆகியவை இருந்தால் பயிற்சியைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தாளை எண்ணிப் பார்த்தேன், பதினொரு பயிற்சிகள் இருந்தன, வெட்கமாகத்தான் இருந்தது. இன்று அவரிடம் எது படுத்துகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மடக்கும்போது உள்ளே "டக்" என்று சத்தம் கேட்கிறது, ஏதோ உடைகிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன் என்றார். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் சத்தம் அது, வலியோ வீக்கமோ கூடாதவரை பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று விளக்கியதும், "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். பயிற்சிகளை மூன்றாகக் குறைத்து, நேரத்தை அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். நிபுணருக்கும் தகவல் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை மீண்டும் அளக்கப்போகிறேன்.