ரெண்டாவது வண்டியா பழைய எம்எக்ஸ்-5 வாங்கலாமா? கூரை திறக்குற வண்டி வெச்சிருக்கவங்க சொல்லுங்க

லெஸ்டர்வாசி:

வணக்கம் மக்களே. நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். வீட்ல ஏற்கனவே ஒரு அஞ்சு சீட்டு வண்டி இருக்கு, ஆபீஸ், ஸ்கூல், காய்கறி எல்லாத்துக்கும் அதுதான். சின்ன வயசுலேருந்து கூரை திறக்குற வண்டி ஒண்ணு வெச்சுக்கணும்னு ஆசை, இப்பதான் கையில கொஞ்சம் காசு சேந்திருக்கு.

போன சனிக்கிழமை ஒரு 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 பாத்தேன், மார்க் 2, அதாவது ரெண்டாவது தலைமுறை, 1.8 இன்ஜின், கரும்பச்சை. ஓனர் வயசானவர், ஓட்டிப் பாருப்பான்னு சாவிய கையில குடுத்துட்டார். முன் கண்ணாடிக்கு மேல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி, அத விடுவிச்சு கூரைய பின்னாடி தள்ளினா அப்படியே மடிஞ்சு உக்காந்துக்குது. அப்புறம் 30 மைல் வேகத்த தாண்டவே இல்ல, ஒரு கிராமத்து ரோடுதான், யாரோ புல்லு வெட்டிட்டு இருந்த வாசனை வந்துச்சு, சர்ச்ல மணி அடிச்சுது, ரயில் பாலத்துக்கு அடியில போகும்போது நம்ம வண்டி சத்தமே சுவத்துல பட்டு திரும்பி வந்துச்சு, ஏழெட்டு வருஷமா போயிட்டு வர்ற அதே வழிதான், ஆனா இதுல ஒண்ணு கூட இதுவரைக்கும் என் காதுல விழுந்ததில்ல. இறங்கும்போது சந்தோஷத்துல கை நடுங்குச்சு.

வீட்ல கேட்டா மூணு பேர் இருக்கோம், ரெண்டு சீட்டு வண்டி எதுக்குங்கறாங்க. பொண்ணுக்கு ஆறு வயசு. அவங்க கேக்குறது நியாயம்தான். அதோட வண்டிய ரோட்லதான் நிறுத்தணும், கராஜ் கிடையாது. இங்க மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். துணிக்கூரை தாங்குமா, குளிர்காலத்துல என்ன பண்றது, ஓட்டுற நாள விட சும்மா நிக்குற நாள்தான் அதிகமா இருக்குமா? வெச்சிருக்கவங்க நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க.

ஸ்பானர்கை:

தம்பி, நான் மிட்லேண்ட்ஸ்லதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குறேன், பதினாறு வருஷமா சொந்தமா ஒரு மார்க் 1 வெச்சிருக்கேன். மழைக்கு பயப்படாதீங்க, ஆனா மழைத்தண்ணி எந்த வழியா வெளிய போகுதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஏன்னா இந்த வண்டிய கொல்றது கூரை இல்ல, அந்த வழி அடைச்சுக்கறதுதான்.

துணிக்கூரையில விழுற தண்ணி வழிஞ்சு சீட்டுக்கு பின்னாடி ஒரு வாய்க்கால் மாதிரி இருக்குற ரப்பர் பட்டையில இறங்கும், அங்கேருந்து இடது வலது ரெண்டு பக்கமும் சீட் பெல்ட் மாட்டியிருக்குற இடத்துக்கு பின்னாடி ஒரு ஓட்டை, அதுலேருந்து குழாய் வழியா பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடி ரோட்ல போய் கொட்டும். மரத்தடியில நிக்குற வண்டியில இல, பூந்தூள், பாசி எல்லாம் அந்த ஓட்டையில போய் சேரும். அடைச்சுகிச்சுன்னா தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியிலயும், கதவுக்கு கீழ நீளமா ஓடுற அந்த இரும்புப் பெட்டிக்குள்ளயும் இறங்கி நிக்கும். வெளியிலேருந்து பாத்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள துரு தின்னுட்டு இருக்கும்.

அதனால அந்த பச்சை வண்டிய திரும்ப பாக்கப் போங்க, ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி, ஒரு டார்ச் எடுத்துக்கங்க. கூரைய பாதி திறந்து அந்த ஓட்டைக்கிட்ட மெதுவா ஊத்துங்க, ஊத்தின உடனே அடியில சொட்டணும், ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் வரலன்னா கார்ப்பெட்ட தூக்கி கைய வெச்சு பாருங்க. அப்புறம் மண்டி போட்டு பின் சக்கரத்துக்கு முன்னாடி அந்த பெட்டியோட அடிப்பக்கத்த கட்டை விரலால நல்லா அழுத்துங்க. நல்ல இரும்பு கல்லு மாதிரி இருக்கும், கெட்டது முறுக்கு மாதிரி நொறுங்கும். புது பெயின்ட் திட்டா கறுப்பா அடிச்சிருந்தா இன்னும் ஜாக்கிரதை. வண்டி நம்பர போட்டா பழைய எம்ஓடி ரிப்போர்ட், அதாவது வருஷா வருஷம் வண்டிய சோதிக்கிற டெஸ்டோட ரிப்போர்ட் எல்லாம் அரசாங்க சைட்லயே இலவசமா பாக்கலாம், அதுல துருன்னு அட்வைசரி, அதாவது முன்னெச்சரிக்கை குறிப்பு, எத்தனை வருஷமா வந்துட்டு இருக்குன்னு படிச்சுட்டு போங்க.

வாங்கின பிறகு வருஷத்துக்கு ரெண்டு தடவை, முக்கியமா இல உதிர்ற காலம் முடிஞ்சதும், வளையுற பிளாஸ்டிக் கம்பி ஒண்ண விட்டு அந்த குழாய சுத்தம் பண்ணுங்க. கம்ப்ரசர் காத்து வேணாம், உள்ள குழாய் கழண்டுக்கும், அப்புறம் தண்ணி போறது நேரா வண்டிக்குள்ளதான்.

கூரைய பத்தி: ஈரமா இருக்கும்போது மடிச்சு வெக்காதீங்க, பூஞ்சை பிடிச்சுக்கும். உறையுற குளிர்ல மடிக்காதீங்க, துணி விறைச்சு மடிப்புல வெடிக்கும். பிரஷ் சுத்துற கார் வாஷ் பக்கமே போகாதீங்க. மார்க் 1ல பின் கண்ணாடி பிளாஸ்டிக், ஒவ்வொரு தடவையும் ஜிப்ப கழட்டிட்டுதான் கூரைய இறக்கணும், நீங்க பாத்த மார்க் 2ல நிஜ கண்ணாடி, ஹீட்டரும் இருக்கு, அது பெரிய நிம்மதி. பார்ட்ஸ் கிடைக்காதுன்னும் பயப்பட வேணாம், 1989ல வந்த வண்டி, 2016லயே பத்து லட்சமாவது வண்டி செஞ்சு முடிச்சாங்க, உலகத்துலயே அதிகமா வித்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். சாதாரண கார எடுத்து கூரைய அறுத்து செஞ்ச கன்வெர்ட்டிபிள் நிறைய இருக்கு, அதுக்கு கீழ இரும்பு சேத்து பலப்படுத்தணும், எடை ஏறும், பள்ளத்துல விழுந்தா கண்ணாடியோட டேஷ்போர்டும் சேந்து நடுங்கும். இது முதல் கோடு போடும்போதே திறந்த வண்டியா போட்டது, சுமார் ஆயிரம் கிலோதான். போன நவம்பர்ல ஸ்நேக் பாஸ் மலை ரோட்ல கூரைய திறந்து போனேன், நாலு டிகிரி, கண்ணாடி ரெண்டையும் ஏத்திட்டு, ஹீட்டர் காலுக்கு, தலையில குல்லா. லேடிபவர் டேம் பக்கம் இறங்கும்போது ஈரப் புல்லு, ஆட்டு வாடை, ஏதோ ஒரு வீட்டு அடுப்புப் புகை, ஒவ்வொண்ணா வந்து போச்சு. அதுக்காக நான் வருஷம் பூரா கார்ப்பெட் காய வைக்கவும் தயார்.

ஸ்காபரோ அண்ணை:

நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். என்னட்ட 2006 எம்எக்ஸ்-5 இருக்கு, நீங்கள் மார்க் 3 எண்டு சொல்லுறது. ஸ்பானர்கை தம்பி தண்ணியப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, இஞ்ச எங்களுக்கு அதோட உப்பும் சேருது. பனிக்காலத்தில ரோட்டில உப்புப் போடுவினம், அதில ஓடினா ரெண்டு மூண்டு வருசத்தில வண்டியின்ர அடி முடிஞ்சுது. அதால நவம்பரில நிப்பாட்டினா ஏப்ரல் மழை ரெண்டு முறை பெய்து ரோட்டைக் கழுவின பிறகுதான் எடுப்பன். அஞ்சு மாசம் சும்மா நிக்கும், டாங்க் நிறைய பெற்றோல் அடிச்சு, பற்றரிக்கு சின்ன சார்ஜர் குடுத்து, ரயருக்குக் காத்துக் கொஞ்சம் கூட வைச்சு விடுவன். எலி வரும், துணிக்கூரைக்குள்ள கூடு கட்டும், அதையும் இடைக்கிட போய்ப் பாக்க வேணும்.

உங்கட ஊரில அவ்வளவு குளிர் இல்லைத்தானே, நீங்கள் வருசம் முழுக்க ஓடலாம். ஓடத்தான் வேணும், நிப்பாட்டி வைக்கிற வண்டிதான் கெதியாப் பழுதாகும்.

இன்னொரு விசயம், ஹைவேக்கு இது வடிவான வண்டி இல்லை. 401 ஹைவேயில கூரையைத் திறந்துகொண்டு போனா லொறிச் சில்லு உங்கட காதுக்குப் பக்கத்தில சுத்தும், பக்கத்தில இருக்கிற ஆளோட கதைக்கேலாது, ஒரு மணித்தியாலம் போனா காது அடைச்சமாதிரி இருக்கும். நான் ஹைவேயில எப்பவும் மூடித்தான் போறது. கலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் எண்டு ஒரு வளைவு ரோட் இருக்கு, அங்க போனாப் பிறகுதான் திறப்பன்.

போன ஜூனில அங்க மழை பெய்து விட்ட கையோட திறந்தன். மண் மணம் வந்துது. யாழ்ப்பாணத்தில சின்னனில அப்பாவின்ர சைக்கிள் பாரில இருந்து தோட்டத்துக்குப் போகேக்க, மழை விட்ட செம்மண் மணமும் புகையிலை மணமும் சேர்ந்து வரும். முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு அந்தப் பின்னேரம் அப்பிடியே முன்னால வந்து நிண்டுது, வண்டியை ஓரமா நிப்பாட்டிப்போட்டு கொஞ்ச நேரம் இருந்தன். மூடின காருக்குள்ள ஏசியைப் போட்டுக்கொண்டு போயிருந்தா அது எனக்குக் கிடைச்சிராது.

மதுரைக்காரி:

பொண்ணு இருக்குன்னு சொன்னதால எழுதுறேன், நானும் இங்கிலாந்துதான். எங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க, அதனால நாலு சீட்டு கன்வெர்ட்டிபிள் எடுத்தோம், பட்டன அமுக்கினா கூரை தானா போயிரும். நாலு பேரும் ஒண்ணா போகலாம்ங்கறது பெரிய விஷயம்தான், ஆனா அதுலயும் கஷ்டம் இருக்கு. முன்னாடி உக்காந்திருக்க நமக்கு காத்து தலைக்கு மேல போயிரும், பின்னாடி உக்காந்திருக்க பிள்ளைங்க மூஞ்சியிலதான் வந்து அடிக்கும். முதல் தடவை கடற்கரைக்கு போனப்ப பின்னாடி சத்தமே இல்லன்னு திரும்பி பாத்தா சின்னவன் போர்வைய தலை வரைக்கும் இழுத்துட்டு சுருண்டு கிடந்தான், அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. இப்ப பின்னாடி ஆள் இருந்தா 40 மைலுக்கு மேல போனா மூடிருவோம். கூரை மடிஞ்சா டிக்கியில பாதி காலி, பிள்ளைய வெச்சு தள்ளுற மடக்கு வண்டி ஒண்ணு கூட வைக்க முடியாது.

உங்க வண்டியில பொண்ண முன் சீட்ல பூஸ்டர் வெச்சு உக்கார வைக்கலாம், இங்க சட்டப்படி 12 வயசு ஆகுற வரைக்கும், இல்ல 135 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும் அதுக்கேத்த சீட் கட்டாயம், அத மட்டும் விட்றாதீங்க. ஏர்பேக் இருக்குற பக்கம்ங்கறதால சீட்ட நல்லா பின்னாடி தள்ளி போடுங்க. சன்ஸ்கிரீன் மறக்காதீங்க, மேகமூட்டமா இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துல நெத்தியும் முன்கையும் எரியும், காத்து அடிக்கிறதால சுடுறதே தெரியாது. முடி நீளமா இருந்தா பின்னி, பின்னல சட்டைக்குள்ள விட்டுக்கணும், விரிச்சு விட்டா சாயங்காலம் சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.

அப்புறம் ஒரு யோசனை, உங்க வீட்டுக்காரம்மாவ டெஸ்ட் டிரைவுக்கு கூட்டிட்டு போங்க, ஆனா பக்கத்துல உக்கார வைக்காதீங்க, சாவிய அவங்ககிட்ட குடுங்க.

வால்பாறைரோடு:

நான் பொள்ளாச்சி பக்கமுங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் சரிப்படாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, 2020ல புது மஹிந்திரா தார் ஜீப் வந்தப்ப துணிக்கூரை மடக்குற மாடலேதான் வேணும்னு எடுத்தேன். ஏப்ரல் மே மத்தியானத்துல திறக்கவே முடியாதுங்க, சீட் பெல்ட் கொக்கி தொட்டா கை பொத்துக்கும். டவுனுக்குள்ள லாரிப்புகை, தூசி, சிக்னல்ல நின்னா எல்லாரும் நம்மளயே பாப்பாங்க. வண்டியில ஒரு பொருள வெச்சுட்டு டீ குடிக்க கூட இறங்க முடியாது. வருஷத்துல நெசமா திறந்து ஓட்டுறது மார்கழி, தை காலையில, அப்புறம் மலையில, அவ்வளவுதான்.

ஆனா ஆழியாருலருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க, விடியக்காத்தால செக்போஸ்ட் திறந்த உடனே ஏறினா ஒவ்வொரு வளைவுலயும் குளிர் ஒரு படி கூடும், கீழ டேம் தண்ணி சின்னதாகிட்டே போகும், மேல எஸ்டேட்டுக்குள்ள நுழைஞ்சா பச்சைத் தேயிலை வாசம். அத வாயில சொல்ல முடியாதுங்க. ஒரு தடவை குரங்கு அருவிகிட்ட திறந்தபடி நிறுத்திட்டேன், திரும்பி வர்றதுக்குள்ள ஒரு குரங்கு சீட்ல ஏறி வாழைப்பழப் பைய எடுத்துகிச்சு, அது போனாப் போகுது, அம்மாவோட மாத்திரை டப்பாவும் அந்த பையிலதான் இருந்துச்சு. அன்னைக்குலருந்து மலையில நிறுத்தினா மூடாம இறங்கறதில்லீங்க. யானை நடமாட்டம் இருக்குற இடம், சாயங்காலத்துக்கு மேல திறந்து போறதும் கிடையாது.

லெஸ்டர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து திரும்ப போனேன், பாட்டில் தண்ணியோட. வலது பக்கம் ஊத்தின உடனே கீழ சொட்டுச்சு. இடது பக்கம் ஊத்தினேன், தண்ணி அப்படியே மேலயே தேங்கி நின்னுச்சு, அரை நிமிஷம் கழிச்சு சீட்டுக்கு பின்னாடி கார்ப்பெட் கருத்துகிட்டே வந்துச்சு. கீழ போய் கட்டை விரல வெச்சேன், லேசாத்தான் அழுத்தினேன், உள்ள போயிருச்சு. ஓனருக்கும் அது தெரியாது போல, பக்கத்துல மண்டி போட்டு அவரும் தொட்டு பாத்தாரு, முகமே மாறிருச்சு. பதினோரு வருஷமா வெச்சிருந்த வண்டி. அவர்கிட்ட குறைச்சு குடுங்கன்னு கேக்க எனக்கு மனசு வரல, அந்த வெல்டிங் வேலைய எடுத்து செய்யுற அளவுக்கு காசும் இல்ல, வேணாங்கன்னு சொல்லிட்டேன். அவர் டீ போட்டு குடுத்து, அவங்க கிளப்ல ஒருத்தர் கராஜ்லயே வெச்சிருக்குற 2004 வண்டி ஒண்ணு விக்கிறார்னு சொல்லி நம்பர் குடுத்தார்.

அது ஞாயித்துக்கிழமை பாக்கப் போறோம். மதுரைக்காரி அக்கா சொன்ன மாதிரி சாவிய அவங்ககிட்டதான் குடுக்கப் போறேன்.

ஸ்பானர்கை:

வேணாம்னு சொன்னது சரி தம்பி. ஆனா கராஜ்ல நின்ன வண்டின்னாலும் பாட்டில எடுத்துட்டு போங்க. ஞாயிறு எனக்கு லீவுதான், வேணும்னா நானும் வர்றேன், எந்த ஊருன்னு மட்டும் மெசேஜ் போடுங்க.